எங்கள் ஸ்டேஷனுக்குக் கூடுதல் போலீஸ் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

கடலூர் மாநகராட்சி எல்லையை ஒட்டி, புதுச்சேரி ரோட்டுப் பக்கம் புதிதாக முளைத்த நகர்களில் ஒன்றில் குடியிருப்பவர் கேட்டிருக்கிறார்: "பூட்டிய வீட்டில் திருட்டு, செயின் பறிப்பு, ராத்திரியானால் காலி மனைகளில் குடி. ஸ்டேஷனுக்குப் போன் செய்தால் 'ஆள் இல்லை சார், வந்ததும் அனுப்புறோம்' என்கிறார்கள். நாலைந்து நலச்சங்கங்கள் சேர்ந்து கூடுதல் போலீஸ் கேட்டுக் கையெழுத்து இயக்கம் தொடங்கியிருக்கிறோம். பலன் இருக்குமா? மனுவை யாரிடம் கொடுப்பது?" மனுவையும் காட்டியிருக்கிறார். "எங்கள் பகுதிக்குக் கூடுதல் காவலர்களை நியமித்து, புறக்காவல் நிலையம் அமைத்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்பதுதான் அதன் சாரம்.

பலன் இருக்கும். ஆனால் இந்த மனுவை இப்படியே கொடுத்தால் இருக்காது. நான் காவல் துறையில் யூனிஃபார்ம் போடாத பக்கம், அமைச்சுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். மனு எந்த வழியாக உள்ளே வருகிறது, எப்படி முடித்து வைக்கப்படுகிறது என்பது தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மனுவுக்கு என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன். எஸ்.பி. அலுவலகத்தில் எண் போடுவார்கள். "உரிய நடவடிக்கை எடுத்து அறிக்கை அனுப்பவும்" என்ற குறிப்போடு டி.எஸ்.பி. வழியாக அது உங்கள் ஸ்டேஷனுக்கே திரும்பி வரும். ஆள் இல்லை என்று எந்த ஸ்டேஷனைப் பற்றி எழுதினீர்களோ, அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரே அறிக்கை எழுதுவார். எழுதுகிறவர் ரைட்டர், கையெழுத்து இன்ஸ்பெக்டருடையது. "மேற்படி பகுதியில் பகல் மற்றும் இரவு ரோந்து தீவிரப்படுத்தப்பட்டுள்ளது. விவரம் மனுதாரருக்குத் தெரிவிக்கப்பட்டது." அத்துடன் கோப்பு மூடப்படும். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. 'கூடுதல்' என்று மொட்டையாகக் கேட்டால் அதற்கு இதைத் தவிர வேறு பதில் எழுத முடியாது. எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் இருக்க வேண்டும், இருப்பவர்கள் எங்கே என்று கேட்டால் மட்டுமே யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்த்தாக வேண்டும்.

இந்தக் கணக்குதான் மொத்த விஷயமும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் அரசாணைப்படி ஒரு சாங்ஷன் ஸ்ட்ரெங்த் உண்டு: இன்ஸ்பெக்டர் இத்தனை, எஸ்.ஐ. இத்தனை, ஏட்டு இத்தனை, காவலர் இத்தனை என்று. அதில் இப்போது போஸ்டிங்கில் இருப்பவர்கள் இரண்டாவது கணக்கு. இன்று ராத்திரி பத்து மணிக்கு உங்கள் போனை எடுத்து வண்டியில் ஏறி வரக்கூடியவர்கள் மூன்றாவது கணக்கு. பத்திரிகையில் வருவதெல்லாம் முதல் இரண்டுக்கும் இடையிலுள்ள காலியிடம் பற்றித்தான். உங்கள் பிரச்சினை இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, 40 பேர் சாங்ஷன் உள்ள ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்வோம். காலை ரோல் கால். ரிஜிஸ்தரில் 31 பெயர். அதில் ஆறு பேர் அயல்பணி. அதாவது சம்பளம் இந்த ஸ்டேஷனில், வேலை வேறு எங்கோ: ஒருவர் தனிப்படையில், ஒருவர் மேலதிகாரி ஆபீஸில், இருவர் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவுக்கு அட்டாச், மீதிப் பேர் கன்ட்ரோல் ரூம், டிராஃபிக் என்று. மிச்சம் 25. வார ஓய்வு, மெடிக்கல் லீவு, பிரசவ விடுப்பு, பயிற்சி வகுப்பு என்று ஐந்து பேர் போக 20. கோர்ட் டியூட்டிக்கு இருவர், சம்மன் வாரண்டுக்கு இருவர், ரைட்டரும் உதவி ரைட்டரும், கம்ப்யூட்டரில் எஃப்.ஐ.ஆர். ஏற்ற ஒருவர், ஷிப்டுக்கு ஒருவராகப் பாராவுக்கு (ஸ்டேஷன் வாசல் காவல்) மூவர், ஜீப் ஓட்ட இருவர். பன்னிரண்டு போய்விட்டது. மிஞ்சிய எட்டில் நாலு பேருக்கு எங்காவது பந்தோபஸ்து. ராத்திரி ரவுண்ட்ஸ், பகல் பீட் (ஒரு காவலருக்கென்று பிரித்த தெருக்களைச் சுற்றி வருவது), அடிதடி, விபத்து, தூக்குப் போட்ட கேஸுக்கு ஆஸ்பத்திரியில் காத்திருப்பது எல்லாவற்றுக்கும் நாலு பேர். உங்களிடம் போனில் "ஆள் இல்லை" என்று சொன்ன ஏட்டய்யா பொய் சொல்லவில்லை. இவை உதாரணத்துக்கு வைத்த எண்கள்தான். உங்கள் ஸ்டேஷனுடைய உண்மையான எண்களை எடுப்பது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் பந்தோபஸ்து என்ற பள்ளம் மற்ற இடங்களைவிட ஆழம். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் என்று வருஷத்துக்கு இரண்டு தேர். வடலூர் தைப்பூசம். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை. திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் என்றால் மலையடிவாரம் முழுக்கக் கல்யாண வண்டி. நெய்வேலியில் நிலம் எடுப்புப் பிரச்சினை கிளம்பினால் மாவட்டத்து ஸ்டேஷன்கள் பாதி காலியாகும்; 2023 ஜூலையில் எப்படி இருந்தது என்று உங்களுக்கே நினைவிருக்கும். மீனவக் கிராமங்களுக்குள் சுருக்குமடி வலைத் தகராறு வந்தால் வாரக்கணக்கில் அங்கேயே பிக்கெட், அதாவது நிலைக்காவல், போட வேண்டும். தானே புயல், 2015 வெள்ளம், ஃபெஞ்சல் புயல் போன்றவை வந்தால் கேட்கவே வேண்டாம்.

இது போதாதென்று எல்லை. முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. பாகூர்ப் பக்கம் ஒரே ரோடு ரெண்டு மாநிலத்துக்கும் மாறி மாறிப் போகும். அங்கே சரக்கு விலை குறைவு. அதைக் கடத்துவது ஒரு தொழில், பிடிப்பது இன்னொரு தொழில் என்றாகிவிட்டது. 2023 மே மாதம் மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பலர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. அப்படி ஒன்று நடந்தால் மாதக்கணக்கில் ரெய்டு, வாகனச் சோதனை. அந்த வேலைக்கென்று புதிதாக ஆள் எடுத்து வருவதில்லை, ஸ்டேஷன் ஆட்கள்தான் போவார்கள். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்கிறவர், இல்லாவிட்டால் உங்கள் தெருவில் பீட் போயிருக்க வேண்டியவராகவும் இருக்கலாம்.

இப்போது புறக்காவல் நிலையம். எல்லா மனுவிலும் இது இருக்கும். எம்.எல்.ஏ.வும் உடனே ஒத்துக்கொள்வார், ஏனென்றால் கட்டடத்துக்கு நிதி கிடைக்கும், திறப்பு விழா நடத்தலாம், கல்வெட்டும் வைக்கலாம். ஆனால் அந்த அறையில் உட்கார ஆள்? வாரத்துக்கு 168 மணி நேரம். எட்டு மணி நேரம் வீதம் ஆறு நாள் வேலை பார்த்தால் ஒருவருக்கு 48 மணி. 168-ஐ 48-ஆல் வகுத்தால் மூன்றரை. லீவு, கோர்ட், பயிற்சி எல்லாம் சேர்த்தால் ஒரே ஒரு நாற்காலியை நாள் முழுக்கக் காலியில்லாமல் வைக்க நாலு பேருக்கு மேல் தேவை. ராத்திரியில் தனியாக ஒருவரை உட்கார வைக்க முடியாது, இருவர் என்றால் எட்டு ஒன்பது பேர். மேலே சொன்ன ஸ்டேஷனில் ரவுண்ட்ஸுக்கு மிச்சம் இருந்ததே நாலு பேர். அதனால்தான் பல ஊரில் புறக்காவல் நிலையம் திறந்த ஆறாவது மாதத்தில் பூட்டிக் கிடக்கிறது. வாசலில் ஆட்டோ நிற்கிறது. அதற்காகத் தனிப் பணியிடங்களை அனுமதித்து அரசாணை வந்தால் ஒழிய அந்தக் கோரிக்கையை மனுவிலிருந்து அடித்துவிடுங்கள். இருக்கிற நாலு பேரில் இருவரை அறைக்குள் கட்டிப்போட நாமே மனு கொடுத்த மாதிரி ஆகும்.

"ஆயிரக்கணக்கில் போலீஸ் எடுக்கிறார்களே, அதில் நமக்குக் கொஞ்சம் வராதா?" என்று அடுத்து கேட்பீர்கள். தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் 2023-இல் வெளியிட்ட அறிவிப்பைப் பாருங்கள். மொத்தம் 3,359 இடம். அதில் தீயணைப்புத் துறைக்கு 674, சிறைத் துறைக்கு 86. காவல் துறைக்கு மிஞ்சியது 2,599. அதிலும் 780 ஆயுதப்படைக்கு (ஏ.ஆர்.), 1,819 தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்கு (பட்டாலியன்). நேராக ஸ்டேஷனுக்கு என்று ஒன்றுகூட இல்லை. இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வானவர் ஏழெட்டு மாதம் பயிற்சி முடித்து, ஏ.ஆர்.-இலோ பட்டாலியனிலோ சில ஆண்டுகள் இருந்துவிட்டுத்தான் தாலுக்கா போலீஸுக்கு, அதாவது நம் ஸ்டேஷனுக்கு வருவார். இன்றைக்கு அறிவிப்பு வந்தால் நம் தெருவுக்கு அந்தப் பையன் வரும்போது உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் முடித்திருக்கும். ஆகவே தேர்வு அறிவிப்பைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். ஏ.ஆர்.-இலிருந்து தாலுக்காவுக்கு மாற்றல் பட்டியல் எப்போது, அதில் உங்கள் ஸ்டேஷன் இருக்கிறதா என்று பாருங்கள்.

யாரிடம் கேட்பது என்பதற்கு வருகிறேன். போலீஸ் என்பது அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் உள்ள விஷயம். எம்.பி.யிடம் கொடுக்கும் மனு மரியாதைக்குத்தான். கலெக்டரிடம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் அது எஸ்.பி.க்கு அனுப்பப்படும், அவ்வளவே. கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நம்பி உட்காராதீர்கள் என்கிறேன்.

எஸ்.பி. கையில் இருப்பது: அயல்பணியில் இருப்பவர்களைத் திருப்பி அனுப்புவது, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஆள் மாற்றுவது, ரோந்து வண்டியின் எல்லையை மாற்றுவது, ஏ.ஆர். ஆட்களை ராத்திரி ரவுண்ட்ஸுக்குத் துணைக்கு அனுப்புவது. இதற்கெல்லாம் அரசாணை வேண்டாம், ஒரு மெமோ போதும். புதன்கிழமை குறைதீர் முகாமில் நேரில் பார்த்துப் பேசக்கூடிய விஷயம் இது. உங்கள் இயக்கத்தின் முதல் ஆறு மாதம் முழுக்க இதற்கே போகட்டும்.

சாங்ஷன் எண்ணிக்கையைக் கூட்டுவதும் ஸ்டேஷனை இரண்டாகப் பிரிப்பதும் வேறு பாதை. எஸ்.பி. கருத்துரு, அதாவது எழுத்து மூலமான முன்மொழிவு, அனுப்ப வேண்டும். அது விழுப்புரம் சரக டி.ஐ.ஜி., வடக்கு மண்டல ஐ.ஜி., டி.ஜி.பி. அலுவலகம் என்று ஏறி, உள்துறைக்குப் போய், கடைசியில் நிதித் துறையில் முட்டும். நிதித் துறைக்காரர் கேட்பது ஒன்றே ஒன்று: ஆண்டுக்கு எவ்வளவு செலவு, இருக்கிற பணியிடத்தை இங்கிருந்து அங்கே மாற்றி இதைச் சமாளிக்க முடியாதா? ஒரு காவலர் பணியிடம் என்றால் அவர் ஓய்வு பெறும் வரைக்கும் சம்பளம், பிறகு ஓய்வூதியப் பலன் என்று அவர்கள் முப்பது வருஷக் கணக்காகப் பார்ப்பார்கள். அதனால்தான் 'புதிய பணியிடம்' என்ற வார்த்தையைப் பார்த்தாலே பேனா நிற்கும்.

இந்தப் பாதையில் போகத்தான் வேண்டும் என்றால் நேரம் முக்கியம். சட்டமன்றத்தில் காவல் துறைக்கான மானியக் கோரிக்கை எண் 22. அந்த விவாதத்தின்போதுதான் புதிய காவல் நிலைய அறிவிப்புகள் வரும். அந்தச் சமயம் பார்த்து எம்.எல்.ஏ.விடம் ஓடினால் அவர் பேசுவார், அவைக்குறிப்பில் ஏறும், அத்துடன் சரி. முந்தைய ஆடி, ஆவணியிலேயே எஸ்.பி. அலுவலகத்திலிருந்து கருத்துரு கிளம்பியிருந்தால்தான் பங்குனி, சித்திரையில் அறிவிப்புப் பட்டியலில் இடம் இருக்கும். எம்.எல்.ஏ.வைப் பார்க்கிறவர்கள் கருத்துரு கிளம்பிய கடித எண்ணோடு போங்கள். அந்த எண் இருந்தால் அவருடைய உதவியாளர் சென்னையில் ஒரு போன் போட்டுக் கோப்பு யார் மேஜையில் இருக்கிறது என்று கேட்க முடியும்.

இனி எண்களை எடுப்பது. தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் மாவட்டக் காவல் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கேட்க வேண்டியவை: இந்த ஸ்டேஷனுக்குப் பதவி வாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, அதற்கான அரசாணை எண், தேதி, இன்றைய தேதியில் பணியில் இருப்போர் பதவி வாரியாக எத்தனை, அவர்களில் அயல்பணியில் இருப்போர் எத்தனை, எந்தப் பிரிவில், எந்தத் தேதி முதல், ஸ்டேஷனின் எல்லை எத்தனை சதுர கிலோமீட்டர், கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆண்டுவாரியாகப் பதிவான வழக்குகள், சி.எஸ்.ஆர்.கள் (புகார் கொடுத்ததற்கு ஸ்டேஷன் பதிந்து தரும் ரசீது) எத்தனை. பெயர் கேட்காதீர்கள். தினசரி டியூட்டி பட்டியல் கேட்காதீர்கள். பாதுகாப்பு என்று ஒரு பிரிவைக் காட்டி மறுத்துவிடுவார்கள், அந்தச் சாக்கில் மற்ற கேள்விகளும் அடிபடும். எண்ணிக்கை ரகசியமில்லை. 'ஏன் நிரப்பவில்லை?' என்ற கேள்வியும் வேண்டாம். ஏன் என்பதற்குப் பதில் சொல்லும் கடமை அந்தச் சட்டத்தில் இல்லை. பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, பிறகு மாநிலத் தகவல் ஆணையம்.

அந்தப் பதிலில் அரசாணை தேதியை முதலில் பாருங்கள். கடலூரைச் சுற்றி வயலும் தோப்பும் மனைப்பிரிவாக மாறியது எல்லாம் சமீப காலத்துக் கதை. நகராட்சி மாநகராட்சியானதே 2021-இல். ஸ்டேஷனுக்கு ஆள் அனுமதித்த அரசாணை அதற்கு எத்தனையோ ஆண்டு முந்தியதாக இருந்தால், உங்கள் வாதத்தில் பாதி அந்த ஒரு தேதியிலேயே முடிந்தது. தேசிய போலீஸ் கமிஷன் (1977–81) கிராமப்புற ஸ்டேஷனுக்கு 150 சதுர கிலோமீட்டர், நகர்ப்புற ஸ்டேஷனுக்கு 60,000 மக்கள்தொகை, ஆண்டுக்கு 700 குற்ற வழக்குக்கு மேல் போனால் இன்னொரு ஸ்டேஷன் என்று ஒரு அளவுகோல் சொல்லியிருக்கிறது. சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆனால் கருத்துரு எழுதுகிற குமாஸ்தாவுக்கு மேற்கோள் காட்ட ஒரு வரி கிடைக்கும். அவருக்கு வேலையைச் சுலபமாக்கிக் கொடுங்கள்.

லட்சம் பேருக்கு 222 போலீஸ் என்று ஐ.நா. சொன்னதாக ஒரு கணக்கு எல்லா மேடையிலும் ஓடும். இந்தியாவில் 2020 தொடக்கத்தில் அனுமதிக்கப்பட்டது லட்சத்துக்குச் சுமார் 195, உண்மையில் இருந்தது சுமார் 156. இதை மனுவில் போடாதீர்கள். அந்த எண்ணிக்கையில் பட்டாலியனும் ஆயுதப்படையும் சேர்ந்தே வரும். உங்கள் ஸ்டேஷனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. படிக்கிற அதிகாரி 'இணையத்தில் எடுத்தது' என்று தள்ளிவைப்பார்.

வழக்கு எண்ணிக்கை பற்றி ஒரு கசப்பான விஷயம். திருட்டு நடந்தால் நம் ஆட்கள் பாதிப் பேர் புகார் கொடுப்பதில்லை. "போனது போச்சு, ஸ்டேஷனுக்கு யார் அலைவது?" கொடுத்தாலும் ரசீது வாங்குவதில்லை. ஸ்டேஷன் கணக்கில் உங்கள் நகர் அமைதிப் பூங்காவாக இருக்கிறது. அமைதிப் பூங்காவுக்கு எதற்குக் கூடுதல் போலீஸ்? ஆகவே இயக்கத்தின் முதல் வேலை கையெழுத்து வாங்குவது இல்லை, ஒவ்வொரு சம்பவத்துக்கும் சி.எஸ்.ஆர். வாங்க வைப்பது. சங்கத்தில் ஒருவர் ஒரு நோட்டுப் போட்டுத் தேதி, நேரம், தெரு, சி.எஸ்.ஆர். எண் எழுதி வரட்டும். 112-க்குப் போன் செய்தால் எத்தனை மணிக்குச் செய்தோம், வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்பதும் அதே நோட்டில். எல்லைப் பகுதி என்பதால் "இது எங்க லிமிட் இல்லை, அந்தப் பக்கம் போங்க" என்ற பேச்சும் வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவில், எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று இருக்கிறது. சண்டை போடாமல் அந்தப் பிரிவைச் சொல்லுங்கள்.

அதே புதுச் சட்டம் வேலையையும் கூட்டியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சோதனை, பறிமுதல் எல்லாம் வீடியோ எடுக்க வேண்டும். ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் ஆட்கள் வரும் வரை இடத்தைக் காத்து நிற்க வேண்டும். முன்பு ஒரு ஏட்டு முடித்த வேலைக்கு இப்போது இருவர். 2021-இல் காவலர்களுக்கு வார ஓய்வு கொடுத்து அரசாணை போட்டார்கள். நியாயமான விஷயம், ஆனால் அதற்கு ஈடாக ஆள் கூட்டியாக வேண்டும். உங்கள் மனுவில் இதை ஒரு வரி சேர்த்தால் ஸ்டேஷன் ஆட்கள் உங்களை எதிரியாகப் பார்க்க மாட்டார்கள். எழுதப்படாத தகவல் பல அவர்களிடமிருந்தே வரும்.

ஆர்டர்லி விஷயத்தையும் (அதிகாரி வீட்டு வேலைக்குக் காவலரை வைத்துக்கொள்வது) மனுவில் கிளறலாமா என்று சிலர் கேட்பார்கள். 1979-லேயே அரசாணை போட்டு ஒழித்த முறை. 2022-லும் சென்னை உயர் நீதிமன்றம் அதை அடியோடு ஒழிக்கச் சொல்ல வேண்டி வந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். நேராகக் குற்றம் சாட்டினால் கோப்பு கோபத்தில் முடியும். அயல்பணி எண்ணிக்கையைத் தகவல் உரிமையில் கேட்டாலே போதும், சிலர் தானாகவே ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுவார்கள்.

யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதில் இந்த இயக்கம் நிற்கும், அல்லது விழும். உங்கள் பட்டியலில் நகர் நலச்சங்கங்கள் மட்டும் இருக்கின்றன. பக்கத்தில் பழைய ஊர் இருக்கும், காலனி இருக்கும், கொஞ்சம் தள்ளி மீனவர் குடியிருப்பு இருக்கும். 'கூடுதல் போலீஸ்' என்றால் உங்களுக்கு நிம்மதி. காலனிப் பையனுக்கு அது டூவீலரை நிறுத்தி விசாரிக்கிற இன்னொரு ஆள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் செத்த பிறகு அந்தப் பயம் வெறும் கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களிடமும் போங்கள், கையெழுத்துக்காக அல்ல, அவர்களுக்கு ஸ்டேஷனிடம் என்ன தேவை என்று கேட்க. பெரும்பாலும் வரும் பதில்: புகார் கொடுத்தால் வாங்க வேண்டும், ராத்திரியில் பெண்கள் வந்தால் பெண் போலீஸ் இருக்க வேண்டும். இவையும் ஆள் பற்றாக்குறைதான். மனுவில் இவையும் ஏறினால் அது நாலு நகரின் மனுவாக இல்லாமல் ஒரு ஸ்டேஷன் எல்லையின் மனுவாகும். காலி மனையில் குடிக்கிற பையன்கள் எல்லாம் 'அந்தத் தெரு' பையன்கள் என்று ஒரு வரி உள்ளே நுழைந்தால் அதை வெட்டுங்கள். சங்கத்தில் யாராவது முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

தன்னார்வலர்களை வைத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனை கட்டாயம் வரும். ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் 1993-இல் ராமநாதபுரத்தில் நல்ல எண்ணத்தோடுதான் தொடங்கியது. சாத்தான்குளத்துக்குப் பிறகு 2020 ஜூலையில் அரசே தடை செய்தது. கையில் தடியும் விசிலும் கொடுத்து நம் வீட்டுப் பையன்களை ராத்திரி ரோந்துக்கு அனுப்புவது வம்பை விலைக்கு வாங்குவது. ஊர்க்காவல் படை சட்டப்படி அமைந்தது. அதில் சேர விருப்பமுள்ளவர்கள் சேரட்டும். கேமரா போடுவதும் நல்லதுதான், வழக்கைக் கண்டுபிடிக்க உதவும். ஆனால் ரெக்கார்டர் யார் வீட்டில் இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் ஓடுகிறதா என்று பார்க்க ஒருவர் பொறுப்பேற்காமல் சந்தா வசூலிக்காதீர்கள். ஸ்டேஷனுக்கு டீசல், பிரிண்டர் பேப்பர், ஏ.சி. என்று வாங்கிக் கொடுக்கும் பழக்கத்தை அறவே தொடாதீர்கள். வாங்கிக் கொடுத்தவர் தெருவுக்கு மட்டும் ரவுண்ட்ஸ் வரும்.

கேரளாவில் 2008-இல் தொடங்கிய ஜனமைத்ரி முறையில் ஒரு பீட் அதிகாரிக்கு இத்தனை வீடு என்று பிரித்துக் கொடுத்து, அவர் வீடு வீடாகப் போய் அறிமுகமாகிறார். நமக்கும் அந்த அளவு கேட்கலாம்: எங்கள் பீட்டுக்கு இன்ன காவலர் என்று பெயரும் ஸ்டேஷன் மொபைல் எண்ணும் நலச்சங்கப் பலகையில் எழுத வேண்டும், குறைந்தது ஓராண்டு அவரை மாற்றக் கூடாது. பெயர் தெரிந்த ஒரு காவலர், பெயர் தெரியாத பத்துப் பேரைவிடப் பயன்படுவார் என்பது என் அபிப்பிராயம்.

பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்து நண்பர்களும் இதையே கேட்பதுண்டு. அவர்களுக்கு இந்தப் பாதை பொருந்தாது. புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் என்பதால் புதிய பணியிடம் என்றால் துணைநிலை ஆளுநர், ஒன்றிய உள்துறை வரைக்கும் போக வேண்டியிருக்கும். ஆனால் சின்ன பிரதேசம் என்பதால் எம்.எல்.ஏ., அமைச்சர், டி.ஜி.பி. எல்லோரையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியும். அது அவர்களுக்குள்ள வசதி.

நீதிமன்றம் கடைசி வழி. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களிடம் காவலர் காலியிடங்களை எப்போது நிரப்புவீர்கள் என்று கால அட்டவணை கேட்டது. அது மாநில அளவு விவகாரம். ஒரு ஸ்டேஷனுக்காக உயர் நீதிமன்றம் போனால் 'மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்கவும்' என்ற உத்தரவுதான் வரும். அதற்கும் முன்னால் கொடுத்த மனுவும் எண்ணும் கையில் இருக்க வேண்டும்.

இப்போது உங்கள் மனுவை இப்படி மாற்றி எழுதுங்கள். முதல் பத்தி: அரசாணை எண், தேதி, அனுமதிக்கப்பட்டவர் இத்தனை, இருப்பவர் இத்தனை, அயல்பணியில் இத்தனை. இரண்டாவது: அந்த அரசாணைக்குப் பிறகு ஸ்டேஷன் எல்லையில் சேர்ந்த மனைப்பிரிவுகள், வீடுகள், மாநகராட்சி சொத்து வரி எண்ணிக்கை கிடைத்தால் அது. மூன்றாவது: நோட்டிலிருந்து சம்பவங்கள், சி.எஸ்.ஆர். எண்களோடு. கோரிக்கை நாலு போதும். அயல்பணியில் இருப்போரை இத்தனை நாளுக்குள் ஸ்டேஷனுக்குத் திருப்ப வேண்டும். இரவு 11 முதல் 4 வரை எங்கள் பீட்டில் இருவர் ரோந்து வர வேண்டும். இன்னின்ன நாலு இடத்தில் பட்டா புத்தகம் (ரோந்து வருகிற காவலர் நேரம் குறித்துக் கையெழுத்துப் போடும் நோட்டு) வைக்க வேண்டும். பணியிடங்களை உயர்த்தக் கருத்துரு அனுப்பி, அதன் கடித எண்ணை எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். நானூறு கையெழுத்தை மனுவோடு தைக்காதீர்கள். தனிக் கட்டாக வையுங்கள். மனு ஒன்றரைப் பக்கம் தாண்டக் கூடாது.

எஸ்.பி. மாறினால் புதியவரிடம் பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி கொடுங்கள். அதிகாரி மாறும்போது மனுவும் மறந்துபோகும். திட்டமிட்டு யாரும் செய்வதில்லை, அப்படித்தான் நடக்கும்.

எப்படி எழுதினாலும் முதல் பதிலாக "ரோந்து தீவிரப்படுத்தப்பட்டுள்ளது" என்ற கடிதம் வரத்தான் செய்யும். கோபப்படாதீர்கள், அது உங்களுக்குக் கிடைத்த முதல் ஆதாரம். எழுத்தில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள் அல்லவா? அந்தக் கடிதத்தின் எண்ணைப் போட்டு, உங்கள் பீட்டில் உள்ள பட்டா புத்தகங்களில் சென்ற மாதம் எந்தெந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கையெழுத்து விழுந்திருக்கிறது என்ற பக்கங்களின் நகலைத் தகவல் உரிமையில் கேளுங்கள். பெயரை மறைத்துக் கொடுத்தாலும் போதும், நமக்கு வேண்டியது தேதியும் நேரமும்தான். அந்த நகலையும் உங்கள் நோட்டையும் எடுத்துக்கொண்டு, ஊரிலிருந்து ஒருவர், காலனியிலிருந்து ஒருவர், பெண் ஒருவர் என்று நாலைந்து பேர் மட்டும் புதன்கிழமை எஸ்.பி.யைப் போய்ப் பாருங்கள்.